இடுப்பு உயர அடுப்பு

மூன்றாம் நாளும் சோற்றுத் தூக்கு கனம் குறையாமல் சங்கத்துக்குத் திரும்பி வந்தது. சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் காந்தா மூடியைத் திறந்து பார்த்தாள். சோறு, சாம்பார் எதிலும் கைபடவில்லை. நெசவாளர் சங்கத்துக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்து வந்த சுகுமாரி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாக வீட்டோடு இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. காலையில் எதிர்வீட்டு அன்னம்மாள் தரும் கஞ்சி. மூன்று நாளாக இரவு ஏழு மணிக்குச் சங்கம் அனுப்பும் மெஸ் சோறு. ‘உணவை மறுக்கிறார். புத்தி தடுமாற்றம் இருக்கலாம்’ என்று அறிக்கை எழுதியவள் காந்தாதான். அதைப் படித்த தலைவர் தணிகாசலம், வெள்ளிக்கிழமை அவரை அநாதை விடுதியில் சேர்த்துவிடுவதாக முடிவு செய்துவிட்டார். ‘இருக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல் காந்தாவை உறுத்தியது. நேரில் கேட்காமல் எப்படி எழுதினோம்?

மறுநாள் மாலை ஆறு மணி தட்டெழுத்து வகுப்புக்கு முன்பாகவே அவள் சுகுமாரியின் வீட்டுக்குப் போனாள்.

“ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?”

“விளக்கு வச்சப்புறம் நாங்க வாயில ஒண்ணும் போட மாட்டோம்மா. சமண வீடு. உங்க சாம்பார்ல வெங்காயம் வேற இருக்குது.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“யாரு கேட்டாங்க? கொண்டாற பசங்க வாசல்ல வச்சிட்டு ஓடிடறானுங்க.”

காந்தாவுக்கு முகம் சுட்டது. “இனிமே அஞ்சு மணிக்கே அனுப்பச் சொல்றேன். வெங்காயம் இல்லாம.”

“சோறு வேணாம்மா. என்னால குந்த முடியல. நிக்க முடியுது. அடுப்ப ஒசத்திக் குடு, நானே பொங்கிக்கறேன்.”

காந்தா சங்கத்தில் போய்ச் சொன்னதும் தணிகாசலம் சிரித்தார். “சோறு போடற சங்கம்மா இது. கொத்தனார் வேலை எதுக்கு?” வேண்டாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. காந்தா அதையே பிடித்துக்கொண்டாள். சுகுமாரியை நிற்கவைத்து இடுப்பு உயரத்தைக் கயிற்றால் இரண்டு முறை அளந்தாள். நம்பிக்கையில்லாமல் மூன்றாம் முறையும் அளந்தாள். கொத்தனார் முருகேசன் இரண்டே நாளில் செங்கல் மேடை எழுப்பி அடுப்பு வைத்தார். சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கட்டையும் அறைந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குத் தணிகாசலம் காந்தாவையும் அழைத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். உள்ளே பருப்பு கொதிக்கும் வாசனை. சுகுமாரி ஒரு கையால் கட்டையைப் பிடித்தபடி, நின்றுகொண்டே மறுகையால் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“வாங்க தலைவரே. எங்கியோ இட்டுக்கினு போறதாச் சொன்னீங்களாமே? முதல்ல இலையில உக்காருங்க. பொழுது சாயுது.”

தணிகாசலம் உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டார்.

“அன்னம்மாளுக்கும் முட்டி புடிச்சிக்கிச்சு, குந்தி எழுந்திருக்கவே தள்ளாடறா. என்னாட்டம் விழறதுக்கு முன்னாடியே அவ வீட்டுலயும் அடுப்ப ஒசத்திக் கட்டிக் குடுத்துடுங்க,” என்றார் சுகுமாரி.

தணிகாசலம் காந்தாவைப் பார்த்தார். “எழுதிக்கம்மா.” அவள் எழுதினாள். இந்த முறை ‘இருக்கலாம்’ இல்லை.

மிச்சச் செங்கல்லை ஏற்றிக்கொண்டு ஜட்கா எதிரே அன்னம்மாள் வீட்டு வாசலுக்குத் திரும்பியது. பின்னாலேயே தடியை ஊன்றியபடி தெருவைக் கடந்தார் சுகுமாரி. “குதிரைய மெதுவா ஓட்டுப்பா, கல்லு உடைஞ்சிடப் போவுது!”