ஒன்பது கடைக் கொலு

சுந்தரராமனுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் காரியமானாலும் ஒரு கமிட்டி போட்டால்தான் அவருக்கு நெஞ்சு ஆறும். மாதுங்காவில் காப்பிப் பொடிக் கடை வைத்திருந்தவர், உலகச் சண்டை முடிந்த அந்த வருஷம் கடைத்தெருவைப் பிழைக்க வைக்கவும் ஒரு கமிட்டிதான் போட்டார். கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மனுஷர் அன்று கமிட்டி போடாமல் இருந்திருந்தால் அந்த வரிசையில் இன்றைக்குப் பஞ்சு மூட்டைதான் அடுக்கியிருக்கும்.

தெரு அப்படிக் கிடந்தது. சண்டைக் காலத்து இருட்டடிப்பில் விளக்குக்கெல்லாம் முக்காடு போட்டார்கள், கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். பொழுது சாய்ந்தால் கடைப் பலகையைச் சாத்திவிடுவார்கள். ஜனங்களும் ரேஷன் கடையோடும் வாசலுக்கு வரும் தள்ளுவண்டியோடும் காலத்தை ஓட்டப் பழகிக்கொண்டார்கள். சண்டை நின்றது, காகிதத்தைக் கிழித்தாயிற்று, விளக்கும் எரிந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. சாயங்காலமானால் கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டினார்கள்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒன்பது கடை. ஒன்பதும் ஒரு சேட்டுக்குச் சொந்தம். கெட்டவர் அல்ல, கணக்கானவர். ஒரு நாள் வந்தார், தெருவை மேலும் கீழும் பார்த்தார். விஜயதசமி சாயங்காலம் திரும்ப வருவேன், அன்றைக்கும் தெரு இப்படித்தான் இருந்தால் வரிசை முழுவதையும் ஒரு பஞ்சு வியாபாரிக்குக் கிட்டங்கியாகக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடை போனால் சுந்தரராமனுக்குக் கதி கல்யாண் ரயில்வே ஆபீஸ்தான். ரயில்வே குமாஸ்தா வேலையை உதறிவிட்டுக் கடை வைத்தவர் அவர். கல்யாணில் இருந்த பழைய துரை திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அந்த நாற்காலியில் மறுபடி உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவர் சம்சாரம் ஷ்யாமளாவுக்கோ கல்யாண் என்றால் கொள்ளை ஆசை. அங்கே குவார்ட்டர்ஸ், கொல்லையில் சொந்தக் கிணறு. மாதுங்காவில் ஒற்றை அறை, விடிவதற்கு முன்னால் குழாயடியில் குடத்தோடு சண்டை. அவள் இதை மறைத்ததும் இல்லை. "கடை போனா போறது, நமக்கு நல்ல காலம்னு நெனச்சுக்கோங்கோ" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

கமிட்டி கூடியது. நவராத்திரி வருகிறது, கொலு வைப்போம், ஆனால் வீட்டில் இல்லை, தெருவில் வைப்போம் என்று பேச்சு எழுந்தது. நான்தான் முதலில் சொன்னேன் என்று பிற்பாடு ஒன்பது பேரும் உரிமை கொண்டாடினார்கள். கடைக்கு ஒரு படி, ஒன்பது கடையும் சேர்ந்தால் ஒன்பது படி, ஒரே கொலு. தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால்தான் கொலு முழுவதையும் பார்த்ததாகும். எனக்கு இன்றைக்கும் அந்த யோசனையை நினைத்தால் சபாஷ் போடத் தோன்றுகிறது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நடுக்கடை ஜெயினுலாப்தீனுடையது. டிரங்குப் பெட்டி, தோல் பெட்டி விற்கிறவர். அவரிடம் எப்படிக் கேட்பது என்று மற்ற எட்டுப் பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரே வாயைத் திறந்தார்.

"எட்டுப் படி கொலுவுக்கு ஆகாது, ஒத்தப்படையா இருக்கணும்னு உங்க ஆளுகளே சொல்லுவீக. சாமி பொம்மை நான் வைக்க மாட்டேன். ரயிலு வைக்கட்டுமா?"

வைத்தார். தகரத்திலும் தோல் துண்டிலும் ஒரு ரயில் வண்டி செய்து, பெட்டிகளை அடுக்கி அதன்மேல் தண்டவாளம் போட்டு, மாதுங்கா ஸ்டேஷனுக்குப் பலகைகூட எழுதி நட்டுவிட்டார். மற்றவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? தாராவியிலிருந்து வந்து வாழையிலைக் கடை நடத்திய நெல்லையப்பன் தெரு முழுக்கத் தோரணம் கட்டினார். சுண்டலுக்குக் கடலை எங்கே கிடைக்கும் அந்த நாளில்? ஒவ்வொருவரும் வீட்டுக்கு வைத்திருந்ததில் பிடி பிடியாகக் கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

சுந்தரராமன் ஹாண்ட்பில் அச்சடித்தார். 'இதனால் சகலமான சீமாட்டிகளுக்கும்' என்று ஆரம்பித்து ஆயிரம் பிரதி. கட்டிடம் கட்டிடமாகக் கதவிடுக்கில் செருகியாயிற்று.

முதல் நாள் சாயங்காலம் ஒன்பது பேரும் சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். ஒரு பசுமாடு வந்தது. தோரணத்தில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போயிற்று. அண்டா சுண்டலும் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அதே கதை. சுந்தரராமன் ஹாண்ட்பில்லில் எழுத்துச் சின்னதாகப் போய்விட்டது என்று அச்சாபீஸ்காரரைத் திட்டினார்.

"ஒரு குஞ்சு குருமானும் வரலியே சாமி" என்றார் நெல்லையப்பன். "சேட்டு வந்தா நம்மளத்தான் பொம்மைன்னு எண்ணிக்கிடுவான்."

மூன்றாம் நாள் காலையில் சுந்தரராமன் வீட்டில் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் யாரோ வந்து நிற்கிறது தெரிந்தது. ஜெயினுலாப்தீனின் சம்சாரம் சுலைகா. கையில் ஒரு தட்டு. தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தாள் போலிருக்கிறது, முகமெல்லாம் வேர்வை.

"மாமி, நான் டிரங்குப் பெட்டிக் கடைக்காரர் வீட்டுல இருந்து வாரேன். எங்க கடையிலயும் ஒரு படி வச்சிருக்கோம். நீங்க கட்டாயம் வரணும். எங்கள்ல விசேஷம்னா பொம்பளைகதான் வீடு வீடாப் போயி அழைக்கணும். அதான் நானே வந்தேன். குங்குமம் எங்களுக்குப் பழக்கமில்ல. வெத்தலையும் பூவும் கொண்டாந்திருக்கேன். ஏத்துக்கிடுவீகளா?"

ஷ்யாமளா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். "உள்ள வந்து உக்காருங்கோ" என்றாள். சுலைகா தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ஷ்யாமளா அடுப்பு மூலைக்கு வந்ததும் சுந்தரராமன் பேப்பரைக் கீழே போட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. குங்குமச் சிமிழோடு வாசற்படியேறி ஒரு சுமங்கலி கூப்பிடாமல் எந்த மாமி எந்தக் கொலுவுக்குப் போயிருக்கிறாள்? அழையாத வீட்டில் நுழையாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண்களைக் காகிதத்தைக் கதவிடுக்கில் செருகி அழைத்தால் வருவார்களா? ஒன்பது ஆம்பிளைகள் கூடி உட்கார்ந்து பேசியும் ஒருவர் மூளைக்கும் இது எட்டவில்லை.

"உனக்கு இது தெரியாதா?" என்று கிசுகிசுத்தார்.

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க என்னைக் கேட்டேளா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குக் கல்யாணுக்குப் போகணும்." காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். கண் கலங்கியிருந்தது. "ஆனா, இவ இவ்வளவு தூரம் நடந்து வந்து என்னை முறையா அழைச்சிருக்கா. இதுக்கப்புறமும் நான் வாயை மூடிண்டு இருந்தா நான் பொம்மனாட்டியே இல்லை."

காப்பியைச் சுலைகாவிடம் கொடுத்தாள். அவள் குடித்து முடித்ததும் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, சேர்ந்தே போவோம்" என்றாள்.

அன்று பகல் முழுக்க அவர்கள் நடந்தார்கள். போகப் போக மற்றக் கடைக்காரர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். படியேறிக் கதவைத் தட்டுவது, ஷ்யாமளா குங்குமம் கொடுப்பது, சுலைகா பூவும் வெற்றிலையும் கொடுப்பது. சில வீட்டில் புருவத்தை உயர்த்தினார்களாம். ஒரு மாமி சுலைகா கைப் பூவை வாங்கத் தயங்கினாளாம். "ரெண்டும் ஒரே அழைப்புதான், ஒண்ணை மட்டும் எடுத்துக்க முடியாது" என்று ஷ்யாமளா வாசலைவிட்டு நகராமல் நின்றாளாம். மாமி வாங்கிக்கொண்டாள்.

இதற்கு மேல் நடந்ததை நெல்லையப்பன் கடைக்கு ஓடிவந்து சொன்னார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சாமி, உங்க வீட்டம்மா ரயில் லைனத் தாண்டி எங்க சந்துக்கே வந்துட்டாக! தோலு ஊறப்போடுற நாத்தத்துல நாங்களே மூக்கப் பொத்துவோம். அவுக ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, வாங்கோ வாங்கோன்னு குங்குமம் குடுக்காக. எம் பொஞ்சாதிக்கு அழுகையே வந்துட்டு. எங்களையெல்லாம் எவ கொலுவுக்குக் கூப்பிட்டா?"

சுந்தரராமனுக்கு வெகு நாள் கழித்துத் தன் பெண்டாட்டியை நினைத்துப் பெருமையில் நெஞ்சு விம்மியது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் தெரு நிறைந்தது. பட்டுப் புடவையும் வந்தது, கண்டாங்கியும் வந்தது. பக்கத்துக் கட்டிடத்து மராத்திப் பெண்கள், எங்களை ஏன் அழைக்கவில்லை என்று சண்டை பிடித்து, அழைப்பு வாங்கிக்கொண்டு மறுநாள் வந்தார்கள். ஜெயினுலாப்தீனின் ரயிலுக்கு முன்னால் நின்று மாதுங்கா மாமிகள் பாடினார்கள். தாராவிப் பெண்கள் நடுத்தெருவில் கும்மி கொட்டினார்கள். கொலு பார்க்க வந்தவர்கள் சும்மா போவார்களா? அரை ராத்தல் காப்பிப் பொடி, ஒரு கட்டு வாழையிலை, ஊருக்குக் கொண்டுபோக ஒரு டிரங்குப் பெட்டி என்று ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். இருட்டிய பிறகும் யாரும் பலகை சாத்தவில்லை.

விஜயதசமி சாயங்காலம் சேட் வந்தார். கார் தெருவுக்குள் நுழைய வழியில்லை. இறங்கி நடந்தார். கூட்டத்தில் இடிபட்டு, தலைப்பாகை கோணி, கையில் யாரோ திணித்த சுண்டல் பொட்டலத்தோடு காப்பிக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார். பஞ்சு வியாபாரிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்றார். உங்கள் கமிட்டிக்கு என் நமஸ்காரம் என்றும் சொன்னார்.

எட்டுக் கடைக்காரர்களும் சுந்தரராமனைத் தோளில் தூக்காத குறை. அவர் அவர்களை விலக்கிக்கொண்டு ஷ்யாமளாவைத் தேடினார். பெட்டிக் கடையில் சுலைகாவோடு நின்று, வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடை பொழைச்சுடுத்து" என்றார்.

"கேட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் மேலே என்ன சொல்ல வந்தார் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"கல்யாண்ல அந்தக் கிணத்தடியில துளசி மாடம்கூட இருக்குன்னு சொன்னா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து நின்றவளுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தாள். "சுண்டல் தீந்துபோச்சுன்னு அங்க காத்துண்டிருக்கா. நின்னுண்டே இருக்கேளே."

சுந்தரராமன் போய் அடுத்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, தாராவியிலிருந்து வந்த பெண்களின் வரிசையில் முதலாவதாக நின்றவளுக்கு இரண்டு கைகளாலும் சுண்டலை அள்ளிக் கொடுத்தார்.