வாணி விழாவில் கொம்பியூட்டர்

தர்மபுரத்தில் இருந்த அந்த நிவாரண அலுவலகத்தின் ஒரே கொம்பியூட்டருக்குக் காவல் போட மேலாளர் பரமேஸ்வரன் படாத பாடில்லை. வாரத்துக்கொரு பாஸ்வேட் மாற்றுவார். ஒற்றை விரலால் அடிக்கும்போது எழுத்தெழுத்தாக வாயாலும் சொல்லிக்கொள்வார். வாசலில் சைக்கிள் பூட்டுகிறவனுக்கும் அது கேட்கும். மனிசனுக்கு மட்டும் அது விளங்கவேயில்லை.

அதனால் ஜெனரேற்றர் ஓடும் கொஞ்ச நேரத்தையும் களஞ்சியக்காரன் ஜெயந்தன் அதில் சீட்டு விளையாடியே தின்றுவிடுவான். விண்ணப்பங்கள் அடிக்கும் சிவலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடையார்கட்டுச் சனத்துக்கான விதைநெல் விண்ணப்பத்தை அவள் அடித்து முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குப் போகும் வாகனத்தில் அதைப் பதிந்த டிஸ்கெற் போகாவிட்டால், மழை முந்திவிடும். வயல் தரிசாகக் கிடக்கும். அதில் அவளுடைய ஐயாவின் வயலும் ஒன்று.

சரஸ்வதி பூசைக்கான வாணி விழா வந்தது. கும்பத்தடியில் பேனையும் தட்டச்சு இயந்திரமும் வைப்பதுதான் வழக்கம்.

"கொம்பியூட்டரையும் வைப்பம், சேர்," என்றாள் சிவலட்சுமி. திரையில் சந்தனப் பொட்டும் அவளே வைத்தாள். சாமிக்குப் பயந்த ஜெயந்தன் இனிக் கிட்டவும் வரமாட்டான். ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தான் மட்டும் அடிக்கலாம் என்பது அந்தக் கெட்டிக்காரியின் கணக்கு.

பரமேஸ்வரன் தேவாரம் பாடி முடித்துத் திரும்பினார். "விஜயதசமி வரைக்கும் ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது. சிவலட்சுமி, நீர்தான் பொறுப்பு."

விஜயதசமி சனிக்கிழமை. கெட்டிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

கணக்கு எழுதும் மதலேனா, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை பூசை லைற்றுக்காக ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியதும் எழும்பிச் செருப்பைக் கழற்றினாள்.

"நீர் தொட்டால்தானே பிள்ளை குற்றம்? உங்கட விரதம் எனக்கில்லை. நீர் சொல்லும், நான் அடிக்கிறன்."

பாஸ்வேட் அவளுக்கும் தெரியும். சிவலட்சுமி கைகட்டி நின்று சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பாதியில் பரமேஸ்வரன் உள்ளே வந்தார்.

"ஆர் அடிக்கிறது?"

"மதலேனாக்கா, சேர். நான் தொடேல்லை."

அவர் சந்தனப் பொட்டைப் பார்த்தார். மதலேனாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். சனம் கேட்டது தொண்ணூறு மூட்டை விதைநெல். மேலிடத்துக்குப் பயந்து அதை எழுபதாக வெட்டியவர் அவர்தான். யன்னலால் வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எழுபதைத் தொண்ணூறாக்கும், மதலேனா. ஆரும் கேட்டால் நானும் தொடேல்லை."