ஆறாத இன்ஜின்

பழைய டீசல் வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்கணும் என்பது மெக்கானிக்கான என் மச்சானின் வேதம். "ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாத்தான் அதோட நோய் தெரியும். சூடா இருந்தா, விக்கிறவன் எதையோ மறைக்கிறான்."

தினமும் நெடுஞ்சாலையில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர எனக்கு வண்டி வேண்டியிருந்தது. நாலாவதாக, காலை ஆறரைக்கே போன வீட்டிலும் பானெட் சுட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் காதுலம்மா பூ சுத்துறீங்க?" என்று கத்தினேன்.

வாசலில் நின்ற பெண் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரர் இறந்து நாலு மாசமாச்சு. மாமியார் படுத்த படுக்கை, அவங்ககிட்ட சொல்லல. காலைல ஆறு மணிக்கு இந்தச் சத்தம் கேட்டா, மகன் வேலைக்குக் கிளம்பிட்டான்னு நிம்மதியா சாப்பிடுவாங்க. ராத்திரி அவங்க தூங்கினப்புறம் வந்தார்னு சொல்லிடுவேன். இப்ப கடன் நெருக்குது, விக்காம முடியல."

அந்த வண்டியையே வாங்கினேன். மைலேஜ் பார்த்து வண்டி தேடின நானே தினமும் ஆறு மணிக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போய், அந்தக் கிழவியின் ஜன்னலோரம் இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் போகிறேன்.

நேற்று ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து கிழவியின் குரல் மெல்ல வந்தது.

"யாருப்பா நீ? பரவால்ல, நாளைக்கும் வா. எனக்குத் தெரியும்னு மட்டும் மருமககிட்ட சொல்லிடாத. அவ தாங்கமாட்டா."