ஈரச் சாக்கு

என் கடைப் பரோட்டாவுக்கு மலை மேல் ஓட்டலில் வேறு பெயர். காலேஜ் வாசலுக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே, தட்டில் இலைத்துண்டு போட்டு நான் கொடுத்தால் அது பொன்னுமணியக்கா பரோட்டா. அதையே ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு ரோட்டு வளைவுகளைத் தாண்டிக் கொண்டுபோய், கறுப்புக் கல் பலகையில் வைத்து, மேலே ஒரு மல்லித்தழையை நட்டுவிட்டால் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வந்துவிடும். தின்பதென்னவோ அதே காலேஜ் பிள்ளைகள்தான். வாரம் முழுக்க என்னிடம் சால்னா ஊற்றச் சொல்லிக் கத்துகிறவன், சனிக்கிழமை அங்கே போய் அதே பரோட்டாவை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருப்பான். எனக்கு அதில் வருத்தமில்லை. சிரிப்புதான் வரும்.

அந்த ஓட்டலுக்கு ஸ்டோர் ஹவுஸ் என்று பெயர். பெயரில் பொய்யில்லை. முன்பு அது ஏலக்காய் ஸ்டோர். எங்கள் வீட்டுக்காரர் ராக்கையா அங்கேதான் காய் உலர்த்தும் வேலை பார்த்தார். ஸ்டோரை மூடி, விற்று, கண்ணாடியும் விளக்குமாகப் போட்டு ஓட்டலாக்கியபோது, கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த ஆள் என்று அவரையே வாசலில் நிற்க வைத்துக்கொண்டார்கள். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது நானும் மகளும் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

மகள் பெயர் மகாராணி. பெயர்தான் அப்படி. காலையில் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் எதிரே இருக்கிற காலேஜுக்குப் போவாள். அவளோடு படிக்கிற தமிழ்செல்விக்குப் பிறந்தநாள் வந்தது. ஸ்டோர் ஹவுஸில் தனி அறை எடுத்திருப்பதாகச் சொல்லி இவளையும் கூப்பிட்டாள். அந்தத் தனி அறைதான் பழைய காய் உலர்த்தும் அறை.

"அப்பா, கேக்கு வெட்டுனதும் நான் உங்களுக்கு ஒரு துண்டு கொண்டாந்து குடுப்பேன். எல்லார்கிட்டயும் இதுதான் எங்கப்பான்னு சொல்லுவேன்" என்றாள்.

அவர் பதறிப்போனார். "அதெல்லாம் வேணாம்த்தா. நீ அங்கன பெரிய மனுசியாப் போற. நான் சோலி பாக்குற ஆளு. எங்கிட்டப் பேசப்படாது, கிட்ட வரப்படாது. வந்தின்னா நான் அங்கிட்டு நகந்து போயிருவேன்."

"போங்கப்பா, நீங்க ஒரு ஆளு" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கு அப்பாவைக் காட்டுவதில் வெட்கமில்லை. அப்பாவுக்குத்தான் தன்னைக் காட்டிக்கொள்வதில் வெட்கம். இந்த மனுசனை என்ன செய்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. சாயங்காலம் மகாராணி போனில் ஒரு படம் அனுப்பினாள். அஞ்சு பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார்கள். மேசை நடுவில் ஒரு இரும்பு அடுப்பு. அதில் கரி கனன்று கிடக்கிறது, மேலே கோழித் துண்டுகள். 'அம்மா பாரு, மேசையிலேயே அடுப்பு. நாமளே சுட்டுச் சாப்பிடணுமாம். ஒரே குளிர்' என்று எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமான புதிதில் நாங்கள் எஸ்டேட் லயத்தில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் சுருளியம்மாள். அடைமழைக் காலத்தில் ஒரு நாள் அவள் கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு படுத்தாள். காலையில் யாரும் எழவில்லை. புகையும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிற முகமாகவே இருந்தது. அதிலிருந்து மூடின இடத்தில் கரி நெருப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரையை ஒட்டி இருக்கிற ரெண்டு சின்ன ஜன்னலும் திறந்துதான் இருந்தன. மூடுபனி உள்ளே வருவதுகூடத் தெரிந்தது. பிறகுதான் மூச்சு சீரானது. இருந்தாலும், 'ஜன்னலைச் சாத்தாதீங்க' என்று எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. மேலே டவர் ஒரு வளைவில் கிடைக்கும், அடுத்த வளைவில் கிடைக்காது. வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால், வேலை நேரத்தில் ஓட்டல்காரர்கள் போனை வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கான பரோட்டா லோடு எப்போதும் ஜெகதீஷ் ஜீப்பில் போகும். அன்றைக்கு நானும் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்குக்கா இந்த மழையில? நான் குடுத்துட்டு வர்றேன்" என்றான்.

"ஓட்டுடா பேசாம."

அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற ஏற பனி மூடிக்கொண்டே வந்தது. முன்விளக்கு வெளிச்சம் ஜீப்பின் மூக்கைத் தாண்டவில்லை. பாதி மலையில் என் போன் அடித்தது. மகாராணிதான். எடுத்து, "ஆத்தா" என்றேன். பதில் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது, மேடேறி வந்தவள் மூச்சு மாதிரி. பிறகு ஏதோ சொன்னாள். "தலை" என்றோ என்னவோ. அதோடு கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். போகவில்லை.

"வெரசாப் போ ஜெகதீசு."

"இதுக்கு மேல போனா பள்ளத்துலதான்க்கா போகணும்."

அவன் சொன்னதும் சரிதான். ஆனால் எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. மடியில் பரோட்டாத் தூக்கு சுட்டது. அந்தச் சூட்டைக்கூடத் தள்ளி வைக்கத் தோன்றாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருக்கிறது, நானே பார்த்தேன், ஜன்னல் திறந்திருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஸ்டோர் ஹவுஸில் கரண்ட் இல்லை. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. மதுரையிலிருந்து வந்த பெரிய கூட்டம் ஒன்று முன்கூடத்தில் இருந்தது. பரிமாறுகிற பையன்கள் எல்லாம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில், தொப்பியில் தண்ணீர் சொட்ட, கையில் டார்ச் லைட்டோடு இவர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோசம்.

"நீயும் வந்துட்டியா? மகளப் பாக்கவா?"

"புள்ள எங்க?"

"உள்ளதான். இப்பக் கதகதன்னு இருக்கும், ஒண்ணும் பயப்படாத. கரண்டு போனதும் கதவு வழியா எட்டிப் பாத்தேன். ஈரக் கோழியாட்டம் நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் அதுகிட்டப் பேசவா முடியும்? அதான் எஞ் சோலிய நான் பாத்துட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், ரகசியம் சொல்கிறவர் மாதிரி. "வெளியில ஏணி போட்டு மேல ரெண்டு ஜன்னலையும் சாத்தி, ஈரச் சாக்குத் திணிச்சு அடச்சுவிட்டேன். கதவு காத்துல தெறந்து தெறந்து போச்சு, வெளித் தாழ்ப்பாளப் போட்டு அடியிலயும் சாக்கு வச்சுட்டேன். பழைய காலத்து அடைப்பு. ஒரு பொட்டுக் காத்து போகாது."

அவர் சொன்னது முழுவதும் எனக்குக் காதில் விழுந்தது.

ஸ்டோர் வேலையில் அதுதான் கெட்டிக்காரத்தனம். நெருப்பு எரிவது வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம். இரும்புக் குழாய் வழியாகச் சூடு மட்டும் அறைக்குள் ஓடும், புகை குழாயோடு வெளியே போய்விடும். அறையில் எங்கேயாவது காற்று ஒழுகினால் சூடு நிற்காது, காயின் பச்சை போய்விடும். அதனால் இடுக்கெல்லாம் ஈரச் சாக்கை அடைப்பார்கள். இவர் அடைத்தால் ஒழுகாது என்று எஸ்டேட் முழுக்கப் பேர். கரிச்சட்டியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று இவருக்கும் தெரியும், சுருளியம்மாளைத் தூக்கிப் போனவர்களில் இவரும் ஒருவர். ஆனால் இது அவருக்கு வீடில்லை. ஸ்டோர். ஸ்டோரில் நெருப்பு எப்போதும் வெளியேதான் இருக்கும்.

"அடுப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அடுப்பா? அது உள்ள மேசை மேல..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். டார்ச் லைட் கையிலிருந்து விழுந்தது. நான் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தேன்.

கட்டடத்தின் பின்பக்கம் அந்த அறை. ஜெனரேட்டர் சத்தம் அங்கே குறைவு. பிறந்தநாள் கொண்டாடுகிற அஞ்சு பெண்பிள்ளைகள் இருக்கிற அறையிலிருந்து சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை, தட்டுச் சத்தம்கூட இல்லை. கதவடியில் சாக்கு மடிப்புக் கலையாமல் அழகாக இருந்தது. தாழ்ப்பாளை இழுத்தேன். மழையில் ஊறிப்போய் வரவில்லை. பின்னால் வந்தவர் என்னைத் தள்ளிவிட்டு ஒரே இழுப்பில் இழுத்தார். கதவு திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. கதகதவென்றுதான் இருந்தது.

கதவோடு சாய்ந்திருந்த மகாராணி எங்கள் காலடியில் விழுந்தாள். கையில் ஒரு காகிதத் தட்டு. அதில் இருந்த கேக் அவள் சுடிதாரோடு அப்பிக்கொண்டது. உள்ளே ரெண்டு பேர் மேசையில் தலை கவிழ்த்திருந்தார்கள். தமிழ்செல்வி நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தாள். ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள், யாரென்று தெரியாத பார்வை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஜெகதீஷ் ஓடி வந்தான், பையன்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையாக இழுத்து மழையில் போட்டோம். மகாராணியின் முகத்தில் மழை விழுந்தது. கன்னத்தில் அறைந்தேன். திரும்பவும் அறைந்தேன். சுருளியம்மாள் முகம் இப்படித்தான் இருந்தது. "ஏத்தா, ஏத்தா" என்று இவர் அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து அவள் ஒரு முறை இருமினாள்.

ஜீப்பில் பரோட்டாவை எல்லாம் வெளியே தள்ளிவிட்டுப் பிள்ளைகளைக் கிடத்திக்கொண்டு இறங்கினோம். மகாராணியின் தலை என் மடியில். அவள் மூச்சு நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. ஒரு வளைவில் திரும்பும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தட்டுச்சு பொன்னுமணி."

"என்னது?"

"கதவத் தட்டுச்சு. ரெண்டு தரம். நான் அங்கனதான் நின்னேன். கேக்கு கொண்டாருதுன்னு நெனச்சேன். கிட்ட வந்தா நகந்துருவேன்னு சொல்லிருந்தேன்ல. அதான் வாசலுக்கு நகந்துட்டேன்."

நான் மகளின் தலையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

போடி பெரியாஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அங்கிருந்து தேனிக்கு அனுப்பினார்கள். அஞ்சு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கேட்டவர்கள் எல்லாம் குலதெய்வம் காப்பாற்றியது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஸ்டோர் ஹவுஸில் மேசை அடுப்பை எடுத்துவிட்டு, சுவரில் பெரிய ஜன்னல் வெட்டியிருக்கிறார்களாம். பிள்ளைகள் மறுபடி போகிறார்கள். என் பரோட்டா போவதில்லை. இவரும் போவதில்லை.

இவர் இப்போது கடையில் என்னோடு மாவு பிசைகிறார். பேச்சு குறைந்துவிட்டது. வீட்டில் ஒரு கதவையும் சாத்துவதில்லை. சாரல் அடித்தாலும் சரி, நாய் உள்ளே வந்தாலும் சரி. யாராவது எங்கேயாவது தட்டினால், பக்கத்து வீட்டில் தட்டினால்கூட, மாவுக் கையோடு எழுந்துவிடுவார்.

போன வாரம் ஒரு சாயங்காலம், மழை. மகாராணி நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு நான் தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

இந்தக் கேள்வி என்றைக்கு வருமோ என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்லித் தொலைங்க என்று மனதுக்குள் அவரிடம் கெஞ்சினேன்.

"கேட்டுச்சுத்தா" என்றார்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வரவில்லை. இவர் எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். திறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அன்றைக்கு அந்த அறைக்கு வெளியே நின்றபோது இருந்த அதே பயம், அதே அளவு, திரும்பி வந்தது.

அவள் ஒரு தரம் தட்டினாள்.

ரெண்டாவது தரம் தட்டுவதற்குள் அவர் திறந்துவிட்டார்.