கணக்கு திறக்கும்வரை நின்ற வெள்ளம்

ஊர் முழுக்க மூன்று நாளில் வடிந்த வெள்ளம், கீழ்த்தெருவில் மட்டும் நான்கு வருடம் முழங்கால் ஆழத்துக்கு நின்றது. நிற்கச் சொன்னவள் தட்டச்சு டீச்சர். தெருவின் நிவாரணச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வெள்ளம் வந்த அன்று மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு உதவிக் கடிதம் அடித்தபோது, இருபது வருடம் சந்தா கட்டிய பழக்கத்தில் விரல்கள் தாமாகவே சங்கத்தின் உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணை அடித்துவிட்டன. தெருவின் பதினேழு குடும்பமும் மேட்டில் வீடு கட்டிக்கொள்ளப் போதுமான பணம் அந்த எண்ணுக்கே வந்து சேர்ந்தது. வெளிநாட்டு நன்கொடை தலைநகரின் தலைமைக் கிளையில், அதற்கென்றே திறந்த தனிக்கணக்கில்தான் விழ வேண்டும் என்பது சட்டம். உள்ளூர் வங்கி மேனேஜர் பணத்தை முடக்கினார். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

“தனிக்கணக்கு திறந்துட்டு வாங்கம்மா, மாத்தி விட்டுடுவாங்க. ஆனா வெள்ளம் இருக்கிற வரைக்கும்தான் இது நிவாரணப் பணம். வடிஞ்சிடுச்சுன்னா அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும்.”

அவள் வீட்டுக்கு வந்து, வாசலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரிடம், “கணக்கு திறக்கிற வரைக்கும் இரு” என்றாள். சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் வருடம், முத்திரை சாய்ந்திருக்கிறது என்று படிவம் திரும்பி வந்தது. இரண்டாம் வருடம், செத்துப்போன பொருளாளர் தன் கைப்பட ராஜினாமா எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவர் செத்துவிட்டார் என்று புரியவைப்பதிலேயே மூன்றாம் வருடம் போயிற்று. ஜனங்கள் கட்டில்காலுக்குச் செங்கல் அடுக்கிப் படுத்தார்கள். செருப்பு என்ற சாமானையே தெரு மறந்துபோனது. டீச்சரின் மகளுக்கு ஈரத்தில் இழுப்பு கண்டது. ஈரமில்லாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். எங்கே கொண்டுபோவது? அவளுக்கிருந்த உறவெல்லாம் அதே தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றது.

நான்காம் வருடம் கணக்கு திறந்தது. திங்கட்கிழமை அதிகாரி வந்து வெள்ளத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடும் என்று கடிதம் சொன்னது. ஞாயிறு மத்தியானம் மகளின் உதடு நீலம் பாரித்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று டீச்சர் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்துக்கொண்டு நின்றபோது அவளால் தாங்க முடியவில்லை. “போதும், போயிடு” என்று கதறினாள். தண்ணீர் கட்டிலடியிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் ஒன்றுசேர்ந்து, படியிறங்கிப் போய்த் தெருமுனையில் குட்டையாக நின்றுகொண்டது. சாயங்காலம் மகள் தூங்கினாள்.

அதிகாரி வந்தபோது தெருவில் தூசி பறந்தது. டீச்சரின் தம்பி அவள் காதருகே குனிந்தான். “கூப்பிடுக்கா. இந்தாள் பார்த்துட்டுப் போற வரைக்கும் வந்து நிக்கட்டும்.”

பதினேழு குடும்பமும் அவள் வாயையே பார்த்தது. அவள் ஜன்னல் வழியே மகளைப் பார்த்தாள்.

“வந்தா மறுபடி போகுமான்னு தெரியலடா” என்றாள்.

அதிகாரி சுவரைத் தொட்டுப் பார்த்து, பேரிடர் ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

தெரு அவளோடு ஒரு வருடம் பேசவில்லை. பிறகு பேசியது, குழாயடியில் எத்தனை நாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது. தனிக்கணக்கு தலைநகரில் வெறுமனே திறந்து கிடக்கிறது. குட்டையும் எந்த வெயிலுக்கும் வற்றாமல் தெருமுனையிலேயே இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது, ஷூ நனையாதபடி ஒதுங்கி வழிவிடும்.