மழை பார்க்க வந்தவர்கள்

மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர் லாட்ஜுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒரே காரியத்தைச் செய்யும். பால்கனிகளை நீலத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டி, வாசலில் பூட்டைத் தொங்கவிட்டுவிடும். மழையில் எவன் ஊர் சுற்ற வருவான் என்பார்கள். என் அண்ணனுக்கு அது வேதவாக்கு.

அப்பா விட்டுப்போன லாட்ஜை அவன்தான் நடத்தினான். நான் சுற்றுலா அலுவலகத்தில், ஊர் எல்லைச் சாவடியில் பதிவாகும் வெளிநாட்டுப் பயணிகளின் கணக்கைக் கூட்டுபவள். வருட மொத்தத்தை மேலே அனுப்பிவிட்டால் எங்கள் கடமை தீர்ந்தது. அந்த முறை கை சும்மா இருக்காமல் மாதவாரியாக, நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. நம் ஆட்கள் எட்டிப் பார்க்காத மழை மாதங்களில்தான் பாலைவன நாட்டுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே அப்போது கொளுத்தும் வெயில், பள்ளி விடுமுறை. இங்கே தொங்கிய பூட்டுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலையைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

இதைச் சொல்ல ஓடினால், அண்ணன் லாட்ஜை சிமென்ட் வியாபாரிக்கு விற்கப் பேசி முடித்திருந்தான். கிடங்காக்கப் போகிறாராம். வரவேற்பு மேசைக்கடியில் விளையாடி வளர்ந்தவள் நான். அங்கே மூட்டை அடுக்க விடுவேனா? நல்லவேளை, என் கையெழுத்து இல்லாமல் பத்திரப்பதிவு நடக்காது. அதை வைத்து மிரட்டி ஒரே ஒரு மழைக்காலம் கேட்டேன். அண்ணி என் பக்கம் நின்றாள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு பூட்டைத் திறந்தான்.

வந்தார்கள். ஆனால் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாளே கிளம்பினார்கள். அண்ணன் முகத்தில் அப்படியொரு திருப்தி. எனக்கு அழுகையே வந்தது.

பிறகு ஒரு காலையில், தங்கியிருந்த குடும்பத்தின் குழந்தைகள் தார்ப்பாயின் இடுக்கு வழியாகத் தலையை வெளியே நீட்டி மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். அதட்டுவாள் என்று பார்த்தால், அவர்கள் அம்மாவும் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழையைப் பார்க்க வந்தவர்களுக்கு மழையை மறைத்துக் கட்டியிருக்கிறோம்.

கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்தேன். அண்ணன் ஓடிவந்து, தரையெல்லாம் நாசமாகும் என்று கத்தினான்.

"நனையட்டும்ணா. அவங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

அந்தக் குடும்பம் கிளம்பவே இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு நாள் முழுக்க மழையைப் பார்த்தது, சொந்தக்காரர்களைப் போனில் கூப்பிட்டது. அடுத்த வாரம் அவர்களும் வந்தார்கள். எதிர் லாட்ஜின் பூட்டு கழன்றது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். வேன்காரர் மழை மாதத்தில் தூங்க நேரமில்லை என்று பெருமையாகப் புலம்பினார். அண்ணி ஈரத் துணியை உலர்த்த இடமில்லாமல் திண்டாடி, ஆனால் சிரித்துக்கொண்டே திண்டாடினாள். கிறுக்கல் என்று ஓரம்கட்டியிருந்த என் மாதவாரிக் கணக்கை, எங்கள் அலுவலக அதிகாரி ஊர்க் கூட்டத்தில் தானே கண்டுபிடித்த மாதிரி வாசித்தார். வாசிக்கட்டும்.

மழை ஓயும் முன்பே சிமென்ட் வியாபாரி முன்பணத்தோடு, மூட்டை ஏற்றிய வண்டியில் வந்து சேர்ந்தார், தெப்பலாக நனைந்து. நான் தாண்டியதும் பாலம் மூழ்கிவிட்டது, இன்று திரும்ப முடியாது, ஓர் அறை கொடு, பத்திரத்தைக் காலையில் பேசலாம் என்றார்.

அண்ணன் சாவிப் பலகையைத் திரும்பிப் பார்த்தான். கொக்கிகள் எல்லாம் காலி. வாழ்நாளில் மழைக்காலத்தில் சொல்லியிராத வார்த்தையைச் சொன்னான்.

"மன்னிக்கணும். ரூம் இல்லீங்க."

பத்திரத்தைப் பற்றி அவர் கேட்டதற்கும் அதே 'இல்லீங்க'தான் பதில். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்தப் பழைய தார்ப்பாயை எடுத்து வந்து பெரியவருக்குக் கொடு, வண்டியில் சிமென்ட் நனையுது என்றான்.