இடம் மாறிய காலிப்பர்

"மெத்தை மேல கால் வச்ச மாதிரி இருக்கே மாப்ள?" தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கை மிதித்துப் பார்த்துக் கேட்டார் மெக்கானிக்கின் அக்கா கணவர்.

"முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் தட்டைக் கவ்வுற காலிப்பரைப் பெருசா மாத்தியிருக்கேன். போகப் போக பழகிடும் மச்சான், கிளம்புங்க!" என்றான் மெக்கானிக். அக்காவும் ஏறிக்கொண்டாள். கார் பறந்தது.

வேலை முடிந்ததும் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடப் போனவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். காற்றை வெளியேற்றும் திருகு காலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் அது கீழே இருந்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டித் தொலைத்திருக்கிறான்! பிரேக் எண்ணெயில் காற்று அப்படியே நிற்கிறது; மிதித்தால் மெத்தை போல அமுங்குமே தவிரப் பிடிக்காது. அவர்கள் போன பாதையோ மலை இறக்கம்.

உடனே மச்சானை அழைத்தான். போனை எடுத்தது அக்கா. "என்னடா, அதுக்குள்ள?"

"கால் பிரேக் பிடிக்காதுக்கா! கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுக்கச் சொல்லு!"

ஓர் அலறல் கேட்டது. சரளைக்கல் தெறிக்கும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

"அக்கா... அக்கா!"

"மண்மேட்டுல முட்டி நிக்குது," என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. ஓட்டை வண்டின்னு இவர் காரைத் திட்டிட்டு இருக்காரு."

அவன் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தான்.

"வண்டிய ஏன் திட்டுறாரு? தப்பு என்னோடது. போனை அவர்கிட்ட குடுக்கா."